ஆறாயிரம் பேரில் ஒருவர்கூட இல்லை
(படிப்பு வட்டப் பாடம்)



நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் மாதம் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு விளக்கி வருகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். 1974இல் பம்பாய்க்கு வந்து, இங்குள்ள நீதிமன்றம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். வாதங்களைக் கேட்டுக் கேட்டுக் காது பழகியது. பட்டியல்களை எழுதி எழுதிக் கை பழகியது. அந்தப் பழக்கமே இந்த வகுப்புக்கு மூலதனம்.

சென்ற மாதம் நான் சொன்னது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து வழக்கு ஒன்று. பாடம் முடிந்ததும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "கொலை பண்ணினவருக்காக எதுக்குத் தாத்தா அந்த ஜனங்க காசு சேர்த்துக் குடுக்கணும்? நம்ம ஆளுங்கிறதுக்காகவா?"

நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து எழுதியதுதான் இக்கட்டுரை. வகுப்புக்கு வராதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

யார் இந்த மக்கள்?

டெக்சஸ், கலிபோர்னியா முதலிய பகுதிகள் ஒரு காலத்தில் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தவை. 1845இல் டெக்சஸ் அமெரிக்காவுடன் இணைந்தது. அதையொட்டி எழுந்த போரில் மெக்சிகோ தோற்றது. 1848இல் குவாதலூப் இதால்கோ என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, மேலும் பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்கு மாறியது. அங்கேயே தங்கிய மெக்சிக மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை உண்டு என்று அந்த உடன்படிக்கை கூறியது. அவர்கள் இடம் பெயரவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. பின்னர் பஞ்சு வயல்களிலும் ரயில் பாதைகளிலும் வேலை தேடி எல்லை கடந்து வந்தவர்களும் ஏராளம்.

இவர்களைப் பொதுவாக மெக்சிக அமெரிக்கர் என்பார்கள். 'சிக்கானோ' என்ற சொல் முன்பு சற்று இழிவாக வழங்கியது. 1960களில் இளைஞர்கள் அதையே தம் பெயராகப் பெருமையுடன் சூட்டிக்கொண்டார்கள். அந்த எழுச்சிக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்பே நீதிமன்றத்தில் அதற்குப் பாதை வெட்டிய வழக்கறிஞர்கள் சிலர் உண்டு. அவர்களில் முதன்மையானவர் கஸ் கார்சியா.

கஸ் கார்சியா

குஸ்தாவோ கார்சியா 1915இல் எல்லையோர நகரமான லரேடோவில் பிறந்தவர். சான் அன்டோனியோ நகரில் வளர்ந்தவர். உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறி, உதவித்தொகை பெற்று டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1938இல் சட்டப் பட்டம் பெற்றார். பேச்சுப் போட்டிகளில் பெயர் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ அதிகாரியாகப் பணியாற்றினார்.

போர் முடிந்து திரும்பிய மெக்சிக அமெரிக்க இளைஞர்களுக்கு ஊரில் காத்திருந்தது பழைய நிலைமையே. சில உணவு விடுதிகளில் இடம் கிடையாது. பல ஊர்களில் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. கார்சியா முதலில் பள்ளிகளை எடுத்துக்கொண்டார். டெல்காடோ வழக்கு எனப்படும் அவ்வழக்கில், மெக்சிக வம்சாவளிக் குழந்தைகளைத் தனியே பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று கூட்டரசு நீதிமன்றம் 1948 ஜூன் 15 அன்று தீர்ப்பளித்தது. ஆங்கிலம் தெரியாத முதல் வகுப்புக் குழந்தைகளை மட்டும், முறையான தேர்வு வைத்து, அதே பள்ளி வளாகத்துக்குள் தனி வகுப்பில் வைக்கலாம் என்று அத்தீர்ப்பு ஒரு வழியையும் திறந்து விட்டது. அந்தச் சிறு சந்து வழியே பல பள்ளிகள் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தன என்பது வேறு கதை.

1949இல் இன்னொரு நிகழ்ச்சி. பிலிப்பைன்ஸ் போர்முனையில் இறந்த பீலிக்ஸ் லோங்கோரியா என்ற வீரரின் உடல் தாயகம் வந்தது. வெள்ளையர்களுக்குப் பிடிக்காது என்று காரணம் சொல்லி, அவருடைய ஊரான த்ரீ ரிவர்ஸில் இறுதிச் சடங்குக் கூடத்தைத் தர உரிமையாளர் மறுத்துவிட்டார். டாக்டர் எக்தோர் கார்சியா என்ற மருத்துவர் இதைப் பெரும் பிரச்சினையாக எழுப்பினார். செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்டு, தலைநகரை அடுத்த ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் உரிய மரியாதையுடன் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார். இதுபற்றி டெக்சஸ் சட்டமன்றக் குழு விசாரித்தபோது வீரரின் குடும்பத்தின் சார்பில் நின்று வாதிட்டவர் நம் கஸ் கார்சியா. (மருத்துவரும் இவரும் உறவினர் அல்லர், பெயர்தான் ஒன்று.)

எட்னா ஊர் வழக்கு

இனி வழக்குக்கு வருவோம். எட்னா என்பது ஹூஸ்டன் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவில் உள்ள சிற்றூர். ஜாக்சன் கவுண்டியின் தலைமையிடம். கவுண்டி என்பதை நம் ஊர்ப் பக்கத்து மாவட்டம்போல் எண்ணிக்கொள்ளலாம்.

1951 ஆகஸ்டில் அங்கே ஒரு மதுக்கடையில் தகராறு. பீட் எர்னாண்டஸ் என்ற தொழிலாளி இன்னொருவரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவரும் மெக்சிக அமெரிக்கரே என்பதைக் கவனிக்கவும். எர்னாண்டஸின் தாயார் உதவி கேட்டு வந்தபோது கார்சியா வழக்கை எடுத்துக்கொண்டார். ஹூஸ்டன் வழக்கறிஞர்களான ஜான் எர்ரேரா, ஜேம்ஸ் டி ஆண்டா இருவரும் துணை நின்றனர். சட்ட வாதங்களைச் செதுக்கித் தந்தவர் சான் அன்டோனியோவைச் சேர்ந்த கார்லோஸ் காடேனா.

'எர்னாண்டஸ் கொல்லவில்லை' என்பது அவர்களுடைய முக்கிய வாதம் அன்று. 'இவரை விசாரிக்கும் ஜூரியில் எங்கள் மக்களில் ஒருவர்கூட இல்லை. ஆகவே இந்த ஜூரி செல்லாது' என்பதுதான்.

ஜூரி என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று விளக்க வேண்டும். பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த சிலர் நீதிமன்றத்தில் அமர்ந்து, குற்றம் செய்தாரா இல்லையா என்று முடிவு சொல்வார்கள். நம் நாட்டிலும் அம்முறை இருந்தது. 1959இல் இதே பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 'குற்றவாளி அல்ல' என்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டனை அளித்தது. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பலர் நினைப்பதுபோல் அதுவே கடைசி ஜூரி வழக்கு அன்று. ஆனால் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. அமெரிக்காவிலோ ஜூரியில் அமர்வது, வாக்களிப்பதைப் போலவே குடிமகனின் அடையாளம்.

எட்னாவில் கார்சியாவின் ஆட்சேபம் தள்ளப்பட்டது. எர்னாண்டஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1952இல் டெக்சஸின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது.

'நீங்களும் வெள்ளையர்தானே!'

மாநில அரசு சொன்ன மறுமொழிதான் இவ்வழக்கின் சுவையான இடம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம் எவருக்கும் 'சட்டங்களின் சமமான பாதுகாப்பை' மறுக்கக் கூடாது என்கிறது. (நமது அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவிலும் இதே தொடர் உண்டு. அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டதுதான். எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) அத்திருத்தம் வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டு வகுப்பாரை மட்டுமே கருதியது என்றது டெக்சஸ். மெக்சிக மக்கள் சட்டப்படி வெள்ளையர். ஜூரியில் இருந்தவர்களும் வெள்ளையர். ஆகவே தம்மவரே தம்மவரை விசாரித்தார்கள், பாகுபாடு எங்கே என்று கேட்டது.

கேட்பதற்கு எவ்வளவு இனிமையான பேச்சு! 'நீங்களும் நாங்களும் ஒன்று' என்ற வார்த்தையே கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாக ஆகிவிட்டது. இதை உடைப்பது எளிதன்று. கோபமாகப் பேசினால், 'நாங்கள்தான் ஒன்று என்று சொல்லிவிட்டோமே, இன்னும் என்ன குறை' என்பார்கள்.

கார்சியா குழுவினர் கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஊரையே சாட்சியாக அழைத்தார்கள். எட்னாவின் ஓர் உணவு விடுதியில் மெக்சிகர்களுக்குப் பரிமாறுவதில்லை என்று பலகை தொங்கியது. மெக்சிக வம்சாவளிக் குழந்தைகள் முதல் நான்கு வகுப்புகளைத் தனிப் பள்ளியில்தான் படிக்க வேண்டியிருந்தது. ஊரார் பேச்சிலேயே 'வெள்ளையர்', 'மெக்சிகர்' என்று இரண்டு பிரிவு இருந்ததைச் சாட்சிகள் ஒப்புக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சாட்சி அந்த நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. அங்கே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் எந்த எழுத்தும் இல்லை. மற்றொன்றில் 'கறுப்பின ஆண்கள்' என்று ஆங்கிலத்திலும், அதன் கீழே 'ஆண்கள் இங்கே' என்று ஸ்பானிஷ் மொழியிலும் எழுதியிருந்தது. மாடியில் 'நீங்களும் வெள்ளையரே' என்று வாதம். அதே கட்டடத்தின் கதவில் அதற்கு மறுப்பு. அந்த மொழியில் எழுதியதே யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரியும்.

கரும்பலகைக் கணக்கு

அடுத்தது பதிவேடு. கடந்த 25 ஆண்டுகளில் ஜாக்சன் கவுண்டியில் மெக்சிகப் பெயரோ லத்தீன் அமெரிக்கப் பெயரோ கொண்ட ஒருவர்கூட எந்த ஜூரியிலும் அமர்ந்ததாகப் பதிவில்லை என்று அரசுத் தரப்பும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இதைப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டினேன். அந்தக் கவுண்டி மக்களில் 14 சதவீதத்தினர் மெக்சிக அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 11 சதவீதம். வரிப் பதிவேட்டில் உள்ள நிலவுரிமையாளர்களில் 6 அல்லது 7 சதவீதம். இருப்பதிலேயே குறைந்த எண்ணான 6 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த 25 ஆண்டுகளில் ஜூரிப் பணிக்கு அழைக்கப்பட்டவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். ஆறாயிரத்தில் 6 சதவீதம் எவ்வளவு? 360. வந்தவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம்.

ஜூரிப் பெயர்களைத் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள். நாங்கள் எவரையும் ஒதுக்கவில்லை, தகுதியானவர்களைப் பார்த்து எடுத்தோம் என்றார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நிரூபிக்க வேண்டிய தேவையே எழவில்லை. பட்டியலே பேசியது. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பதிவேடு எழுதியவன். பதிவேட்டில் எழுதிய பெயர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். எழுதாமல் விட்ட பெயர்களைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும். கார்சியாவுக்கு அந்தக் கண் இருந்தது.

வாஷிங்டனில்

உச்ச நீதிமன்றம் வரை போகப் பணம் வேண்டுமே! அமெரிக்க ஜி.ஐ. ஃபோரம் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பும், லுலாக் என்ற பழைய சங்கமும் உதவின. கூலித் தொழிலாளர்களிடமிருந்து ஒன்றும் இரண்டுமாகச் சேர்ந்த டாலர்களும் அதில் அடங்கும்.

1954 ஜனவரி 11 அன்று கார்சியாவும் காடேனாவும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நின்றார்கள். மெக்சிக அமெரிக்க வழக்கறிஞர்கள் அங்கே வாதிட்டது அதுவே முதல் முறை. இம்மக்கள் அமெரிக்கக் குடிமக்கள்தாமா, ஆங்கிலம் பேசுவார்களா என்றெல்லாம் நீதிபதிகள் கேட்டதாகவும், ஒதுக்கிய நேரம் தீர்ந்த பிறகும் கார்சியா மேலும் 16 நிமிடம் பேச அனுமதித்ததாகவும் உடனிருந்தோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர்.

1954 மே 3. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பை வழங்கினார். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனம். 14ஆம் திருத்தம் இரண்டு வகுப்பாருக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஊரில் ஒரு மக்கள் பிரிவு தனியாக நடத்தப்படுகிறதா என்பதை அந்த ஊரின் உண்மை நிலவரத்தைக் கொண்டு நிரூபிக்கலாம். ஜாக்சன் கவுண்டியில் அது நிரூபணமாகிவிட்டது. 25 ஆண்டுகளில் அழைத்த ஆறாயிரம் பேரில் ஒருவரும் இல்லாதது தற்செயல் என்று நம்ப முடியாது. எர்னாண்டஸின் தண்டனை ரத்து.

எத்தனை சதவீதம் மக்களோ அத்தனை இடம் வேண்டும் என்று கார்சியா குழுவினர் கேட்கவில்லை என்பதையும் தீர்ப்பு குறித்துக்கொண்டது. அவர்கள் கேட்டது, முற்றாக ஒதுக்காதீர்கள் என்பதையே.

இரண்டே வாரம் கழித்து, மே 17 அன்று, கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் பற்றிய புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்பு வந்தது. அந்தப் பேரொளியில் இந்த விளக்கு பலர் கண்ணில் படாமலே போயிற்று.

அதன் பிறகு

பீட் எர்னாண்டஸ் என்ன ஆனார்? மீண்டும் விசாரித்தார்கள். மீண்டும் குற்றவாளி என்றே முடிவாயிற்று. 20 ஆண்டு தண்டனை.

கஸ் கார்சியாவின் பிற்காலம் துயரமானது. மதுப் பழக்கம் அவரைத் தின்றது. தொழில் சரிந்தது. 1964 ஜூன் 3 அன்று சான் அன்டோனியோவில் 48ஆம் வயதில் காலமானார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று தயங்கினேன். சொல்லிவிட்டேன். பெரிய காரியம் செய்தவர்கள் எல்லோரும் தம் வாழ்க்கையை வெல்வதில்லை.

தீர்ப்பு வந்தவுடன் ஊர்கள் மாறிவிடவும் இல்லை. 1966இல் சான் அன்டோனியோ வழக்கறிஞர் பீட் திஹெரினா, ஜோர்டான்டன் என்ற ஊரில் ஒரு வழக்குக்குச் சென்றபோது, ஜூரியில் அமர்த்த ஒரு மெக்சிக அமெரிக்கர்கூடக் கிடைக்காத நிலையைக் கண்டார். தீர்ப்பு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் இதே கதை! தனி மனிதர்கள் போதாது, நிலையான அமைப்பு வேண்டும் என்று அவர் உணர்ந்தார். ஃபோர்டு அறக்கட்டளை அளித்த 22 லட்சம் டாலர் உதவியுடன் 1968இல் மெக்சிக அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதியம் சான் அன்டோனியோவில் தோன்றியது. மால்டெஃப் என்பது அதன் சுருக்கப் பெயர்.

அதே 1968இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் சிக்கானோ மாணவர்கள் நல்ல பள்ளி கேட்டு வகுப்புகளைவிட்டு வெளியேறினார்கள். அதன் தொடர்பாகப் பதின்மூன்று பேர்மீது வழக்கு வந்தது. அவர்களுக்காக நின்ற ஆஸ்கார் அகோஸ்டா, குற்றச்சாட்டு சுமத்திய ஜூரி எப்படித் தேர்வாயிற்று என்று கேட்டு நீதிபதிகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். எட்னாவில் ஊன்றிய விதை அங்கே முளைத்தது. 1970இல் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரப் பள்ளிகள் வழக்கில், பிரவுன் தீர்ப்பு மெக்சிக அமெரிக்கருக்கும் பொருந்தும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை நடத்தியவர் பழைய குழுவின் இளையவரான ஜேம்ஸ் டி ஆண்டா. பின்னாளில் அவரே கூட்டரசு நீதிபதி ஆனார்.

மாணவியின் கேள்விக்கு

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன்.

'நம்ம ஆள்' என்பதற்காக அம்மக்கள் காசு கொடுத்திருந்தால், இரண்டாம் விசாரணையில் அவர் குற்றவாளி ஆனபோது அவர்கள் தோற்றிருக்க வேண்டும். அவர்கள் தோற்கவில்லை. இறந்தவரும் அவர்கள் ஆள்தானே அம்மா? கொன்றவனுக்கு என்ன தண்டனை என்பதைக் காட்டிலும், அதைத் தீர்மானிக்கும் இருக்கையில் தாங்களும் அமரலாமா என்பதே அவர்களுடைய கேள்வி. வரி கட்டத் தகுதி உண்டு. போரில் சாகத் தகுதி உண்டு. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி நியாயம் சொல்ல மட்டும் தகுதி இல்லையா? அந்த ஒரு கேள்விக்காகத்தான் கூலித் தொழிலாளி தன் டாலரைக் கொடுத்தான். குற்றவாளியின் வழக்கு வழியாக வந்தாலும், கிடைத்த உரிமை குற்றமற்ற லட்சக்கணக்கானவர்களுடையது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. என்னைப் பற்றியது. மும்பைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் வரை இங்குள்ள வாக்காளர் பட்டியலில் என் பெயர் கிடையாது. யாரும் என்னை ஒதுக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் பெயர் இருக்கிறதே, ஓய்வு பெற்றதும் போய்விடப் போகிறோமே என்ற எண்ணம். போகவும் இல்லை, அங்கே போய் வாக்களிக்கவும் இல்லை. ஊரார் பெயர்களையெல்லாம் பதிவேட்டில் ஒழுங்காக எழுதியவன், வாழும் ஊரின் பட்டியலில் தன் பெயர் இல்லாததைக் கவனிக்கவில்லை. டெக்சஸ் மக்கள் பட்ட பாட்டோடு என் சோம்பலை ஒப்பிட்டால் அது பாவம். ஆனால் அவர்கள் கதையைப் படித்த பிறகு என் சோம்பல் எனக்கு வெட்கமாகத் தெரிகிறது.

அடுத்த வகுப்புக்குச் சிந்திக்க மூன்று கேள்விகள்:

1. 'எல்லோரும் ஒன்று' என்ற பேச்சு எப்போது உறவாகிறது, எப்போது தாழ்ப்பாளாகிறது?

2. ஜூரித் தேர்வாளர்கள் ஐவரும் உண்மையிலேயே கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் என்று வைத்துக்கொண்டாலும், தீர்ப்பு சரிதானா?

3. உங்கள் வீட்டில் வாக்களிக்கும் வயது வந்தோர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் வாழும் ஊரின் பட்டியலில் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு விடையை எண்ணாக எழுதி வரவும். கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் தயாராக இருக்கும்.